பேணி ராணியை வாசிக்கப் பழகுவது எப்படி

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுவோம். குறி பார்க்கிற டாரட் அட்டைகளில் தண்ணீருக்குரிய ராணியைக் ‘கோப்பை ராணி’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதட்டும், ஆனால் யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுகிற கோப்பை. முதல்முதல் என் வீட்டில் ‘கோப்பை ராணி வந்திருக்கிறா’ என்று நான் சொன்னபோது தம்பி, ‘என்ன, சாப்பாடு கேக்கிறாவோ?’ என்றான். அன்றிலிருந்து எனக்கு அவள் பேணி ராணி. மூக்குப்பேணியில், அந்த மூக்கு வைத்த குவளையில், தேத்தண்ணி குடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதோடு பேணி என்ற சொல்லுக்குள்ளேயே பேணுதலும் இருக்கிறது, அட்டையில் நடப்பதும் அதுதான்: ஒரு பெண் ஒரு பாத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, அதைப் பேணிக்கொண்டு இருக்கிறாள்.

இதை வாசிக்கப் பழக ஒரு கட்டு அட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றால் தொலைபேசியில் அந்த ஒரு படத்தை எடுத்து வைத்தாலும் போதும். எந்தக் கட்டு என்று கேட்டால், 1909 இல் லண்டனில் ரைடர் என்ற பதிப்பகம் வெளியிட்டதைத்தான் சொல்வேன். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டம் போட்டுக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 78 அட்டைகளையும் வரைந்தார். பெரும்பாலான புதுக் கட்டுகள் இதைப் பார்த்துத்தான் வரையப்பட்டவை. நான் கீழே சொல்வதெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான், உங்களிடம் பூனைப் படம் போட்ட கட்டோ தேவதைப் படம் போட்ட கட்டோ இருந்தால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது வந்து இது எகிப்தியப் பூசாரிகளின் இரகசியம் என்று கதை விட்டால் சிரித்துவிட்டு விடுங்கள். அந்தக் கதையைப் பரப்பியது 1781 இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய புத்தகம். 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது வெறும் காட்ஸ் விளையாட்டுத்தான். குறி பார்க்க இதை எடுத்துக்கொண்டது பிறகு. நாங்கள் விளையாடுகிற காட்ஸுக்கும் இதற்கும் உறவு உண்டு, பேணி ராணியின் இனமான கிண்ணங்கள் ஆர்ட்டினுக்கு, அதாவது இதயம் போட்ட இனத்துக்கு, சமம், ஆகவே ஆர்ட்டின் ராணியும் பேணி ராணியும் ஒருவகையில் ஒரே ஆள்தான். பாவம், 304 என்ற காட்ஸ் விளையாட்டு அடிக்கும்போது அவளுக்கு 2 புள்ளிதான் கொடுக்கிறோம், ஜாக்குக்கு 30.

சரி, வாசிப்புக்கு வருவோம். கட்டோடு வருகிற சின்னப் புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். ‘உள்ளுணர்வு, கருணை, கனவு’ என்று மூன்று சொல் போட்டிருப்பார்கள், அதை ஒருமுறை படித்துவிட்டால் பிறகு கண் படத்தைப் பார்க்காது, அந்த மூன்று சொல்லைத்தான் பார்க்கும். பத்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். பிறகு டாரட் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். நான் அம்மம்மாவிடம்தான் காட்டினேன். அவர் கிணற்றடியில் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தார், கையைச் சீலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி, கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், ‘ஏன் பிள்ளை, இவ பேணிய மூடி வச்சுக்கொண்டு எதைப் பாக்கிறா?’

நான் அந்தக் கட்டை வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது, மூடி என் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த மூடியில் இருந்துதான் தொடங்க வேண்டும். கிண்ண இனத்தில் மொத்தம் 14 அட்டைகள், மற்ற எல்லாவற்றிலும் கிண்ணம் திறந்தே இருக்கும். ஒன்றில் தண்ணீர் வழியும், ஒன்றில் மீன் தலையை நீட்டும், ஒன்றில் கவிழ்ந்து கொட்டியிருக்கும். இவளுடையது மட்டும்தான் மூடியது. அதுவும் சாதாரண மூடி இல்லை, மேலே சிலுவை, இரண்டு பக்கமும் கைப்பிடியாகச் சிறகுள்ள தேவதூதர்கள், முழுக்க வேலைப்பாடு. குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆட்களுக்கு இதைப் பார்த்தவுடனேயே தெரியும், கோவிலில் நற்கருணை வைக்கிற பாத்திரம் மாதிரித்தான் இருக்கிறது. வெயிட் கத்தோலிக்கராக வளர்ந்தவர், அதனால் அந்த ஒற்றுமை தற்செயலாக வந்திருக்காது என்பது என் எண்ணம். சைவ வீட்டுக்காரருக்கு நான் வேறு விதமாகச் சொல்வேன்: நிறைகுடத்தை நினையுங்கள். உள்ளே தண்ணீர், வாயில் மாவிலை, அதன் மேல் தேங்காய். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் தேங்காயைத் தூக்கிப் பார்ப்பதில்லை, ஆனால் வாசலில் அது இருப்பதால்தான் வருகிறவர்களுக்கு இது நல்ல காரியம் நடக்கிற வீடு என்று விளங்குகிறது. பேணி ராணி பார்ப்பதும் அந்த மாதிரித்தான். மூடியைத் திறக்காமலே உள்ளே இருப்பதை அறிகிறாள், அறிந்ததை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இல்லை. இந்த அட்டையை ‘எல்லாவற்றையும் உணர்ச்சியாகக் கொட்டுகிறவள்’ என்று வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கொட்டுகிறவளுக்கு மூடி எதற்கு?

அடுத்தது அவளுடைய இருப்பிடம். சிம்மாசனத்தின் மேல்பக்கம் பெரிய சிப்பி வடிவம், அதையொட்டி மீன் வாலுள்ள குழந்தைகள், கடற்கன்னியின் பிள்ளைகள் மாதிரி. அதை அலங்காரம் என்று விட்டுவிடலாம், ஆனால் காலடியை விட வேண்டாம். சிம்மாசனம் தண்ணீருக்குள் இல்லை, கரையில். காலுக்குக் கீழே கூழாங்கற்கள். உடுப்பின் விளிம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்ல முடியாதபடி நீலமும் வெள்ளையுமாக அலைபோல் வரைந்திருக்கிறார் பமீலா. இதோடு கிண்ண ராஜாவின் அட்டையைப் பக்கத்தில் வையுங்கள். அவன் நடுக்கடலில் மிதக்கிற சிம்மாசனத்தில் இருக்கிறான், சுற்றிவர அலை, ஆனால் தன் கிண்ணத்தைப் பார்ப்பதே இல்லை. இவள் கரையில் இருந்தபடி, தண்ணீர் தன்னைத் தொட விட்டுக்கொண்டு, பேணியை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்கிறாள். உள்ளுணர்வு என்றால் எனக்கு இந்தக் கோலந்தான், கால் தரையில், சீலைத் தலைப்பு நனைந்திருக்கும்.

கொஞ்சம் மறைபொருள் பக்கம். 1888 இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற இரகசியக் கழகத்தில் வெயிட், பமீலா இரண்டு பேருமே இருந்தார்கள். அந்தக் கழகத்தின் கணக்குப்படி கிண்ண இனம் முழுவதும் தண்ணீர், எந்த இனத்து ராணியும் தண்ணீர், ஆகவே கிண்ணங்களின் ராணி தண்ணீருக்குள் தண்ணீர். இதைச் சும்மா ஒரு பட்டமாக எடுக்காமல் உபயோகமாக எடுங்கள்: வாள் இனத்து ராணியும் உணர்வாள், ஆனால் சொல்லாலும் புத்தியாலும் உணர்வாள், கோல் இனத்து ராணி வேகத்தால் உணர்வாள், இவளுக்கு உணர்கிற கருவியும் தண்ணீர், உணரப்படுகிற பொருளும் தண்ணீர். கண்ணாடிக்கு முன்னால் கண்ணாடி வைத்த மாதிரி. அதனால்தான் சில நேரம் இந்த அட்டை வரும்போது அவள் யாரைப் பார்க்கிறாள் என்றே சொல்ல முடியாது. பின்னாளில் அலிஸ்டர் குரோலி என்ற மறைபொருள் எழுத்தாளருக்காக ஃப்ரீடா ஹாரிஸ் என்ற ஓவியர் வரைந்த தோத் என்ற கட்டில் இதே ராணியை ஒளியும் பிரதிபலிப்புமாகவே போட்டு, முகம் தெரியாமல் மறைத்துவிட்டார்கள். அழகான படம், ஆனால் பழகுகிற காலத்தில் அதை வைத்துத் தொடங்கினால் தலை சுற்றும்.

இதே கழகத்துக்காரர்கள் எங்கள் பக்கத்து ஐம்பூதத் தத்துவங்களையும் இரவல் வாங்கி, அப்பு என்ற நீர்த் தத்துவத்துக்கு வெள்ளிப் பிறையை அடையாளமாகப் பாவித்தார்கள். அதனால் சந்திரன் மனோகாரகன், கடகம் அவனுடைய ஆட்சி வீடு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ராணி அந்நியமாகத் தெரியாது, அவளுக்கு ஒதுக்கிய இடமே மிதுனத்தின் கடைசிப் பத்துப் பாகையும் கடகத்தின் முதல் இருபதும்தான். ஆனால் இங்கேதான் எங்கள் ஆட்கள் பிழை விடுகிறார்கள். அது மேல்நாட்டு இராசிக் கணக்கு, எங்கள் பஞ்சாங்கக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தள்ளி நிற்கிறது. உங்கள் சாதகக் கட்டத்தில் கடகம் என்று இருப்பதை வைத்து ‘இது என் அட்டை’ என்று முடிவு கட்டாதீர்கள். சாத்திரம் ஒரு பாஷை, இது வேறு பாஷை, இரண்டையும் ஒரே சட்டியில் போட்டால் கூழாகிவிடும். அதுவும் நல்ல ஒடியல் கூழாக வராது.

இனி விரிப்பில், அதாவது ஒரு கேள்விக்கு எடுத்துப் பரப்புகிற அட்டைகளில், அவள் வந்தால் என்ன செய்வது. பழைய வழக்கப்படி ராணி வந்தால் ஒரு பெண் ஆள், நல்லவள், உதவி செய்கிறவள் என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் ஒருமுறை மூக்குடைபட்டேன். வெளிநாட்டில் இருந்து மச்சாளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. ஐந்து அட்டை எடுத்தோம், கடைசி இடத்தில் பேணி ராணி. நான் உடனே, ‘மாப்பிள்ளையின்ர தாய் நல்ல மனுசி போல, உன்னைத் தாங்குவா’ என்று அடித்து விட்டேன். மச்சாள் ஒன்றும் பேசவில்லை, அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கேட்டாள், ‘அப்ப இதில நான் எங்க?’ அவளுக்கு ஒரு சோதனை எழுதி முடிக்க வேண்டியிருந்தது, அதை முடிக்காமல் எங்கேயும் போக மனமில்லை, அதை வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது. மூடிய பேணியை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தவள் அவள்தான், நான் எங்கேயோ கடல் கடந்து ஒரு மாமியாரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது. இந்த அட்டை எந்த இடத்தில் வந்தாலும் முதல் கேள்வி, ‘கேட்க வந்தவர் ஏற்கனவே என்ன அறிந்து வைத்திருக்கிறார்?’ அதற்குப் பதில் வரவில்லை என்றால் மட்டுமே வெளியே ஒரு ஆளைத் தேடலாம். அந்த ஆளும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எனக்குத் தெரிந்து அச்சொட்டாக இந்த ராணி மாதிரி இருக்கிற ஒருவர் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்துகிற ஐயா. வருகிறவர்கள் எல்லாரும் அவருக்குக் குடும்பக் கதை சொல்வார்கள், அவர் ‘ஓம், ஓம்’ என்றபடி சில்லைச் சுற்றுவார், ஒரு வீட்டுக் கதை இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை.

பக்கத்தில் விழுகிற அட்டைகளையும் பாருங்கள். சந்திரன் அட்டையோடு வந்தால் அவசரப்படாதீர்கள், அந்த அட்டையிலும் தண்ணீர், அதிலிருந்து நண்டு போல ஒன்று ஏறி வருகிறது, இரண்டும் சேரும்போது உணர்வது உண்மையா பயமா என்று பிரிப்பது கஷ்டம். தலைமைப் பூசாரிணி அட்டையோடு வந்தால் நான் பெரும்பாலும் ‘இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்பேன். வாள்கள் கனக்க வந்தால், மனம் சொன்னதைச் சொல்லாக்க வேண்டிய நேரம். மற்றச் சேர்க்கைகளை நீங்களே எழுதி எழுதிப் பிடியுங்கள்.

பயத்தையும் உள்ளுணர்வையும் பிரிப்பதுதான் இந்த அட்டையின் முழு வேலையும், அதற்கு எனக்கு உதவியது எந்த டாரட் புத்தகமும் இல்லை, எங்கள் கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது, நல்ல தண்ணி பாரம் குறைவு என்பதால் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். பொதுக் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறி வரப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் ஊறுகிற அளவுக்குத்தான் அள்ள முடிந்தது. மோட்டர் வைத்து ஒரே மூச்சில் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் நல்ல கிணறுகள் சில சவர்க் கிணறுகளாகின. நிலாவரைக் கிணற்றடிக்குப் போனால் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி, ஒரே கிணற்றுக்குள்.

மனமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. மேலாக, அமைதியாக, கொஞ்சமாக ஊறி வருவது நல்ல தண்ணி. ‘அவன் விடை அனுப்புவானா, இன்றைக்கா நாளைக்கா, ஏன் அனுப்பவில்லை’ என்று ஒரே கேள்விக்கு ஒரே நாளில் பத்து முறை அட்டை எடுத்தால் பதினோராவது முறை வருவது உப்பு. அதனால் ஒரு கேள்விக்கு ஒரு முறை, பிறகு ஒரு கிழமைக்கு அந்தக் கேள்வியைத் தொடக்கூடாது. என் அனுபவத்தில் உள்ளுணர்வு ஒருமுறைதான் சொல்லும், சின்னதாகச் சொல்லும், பெரும்பாலும் செய்யக்கூடிய ஒரு காரியமாகச் சொல்லும்: ‘அந்தக் கடிதத்தை இன்னொருக்கால் வாசி’ என்ற மாதிரி. பயம் திரும்பத் திரும்பச் சொல்லும், பெரிதாகச் சொல்லும், கூர்ந்து கேட்டால் அது உங்கள் குரலிலேயே இருக்காது, மாமியின் குரலிலோ பள்ளிக்கூடத்து ரீச்சரின் குரலிலோ இருக்கும்.

அட்டை தலைகீழாக வந்தால் வெயிட் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறார், நம்பத்தகாத பெண் என்கிற அளவுக்கு. நூறு வருடத்துக்கு முந்தைய ஆண் ஒருவரின் கண் அது, நான் எடுப்பதில்லை. தலைகீழ் ராணியை நான் இறைத்து முடித்த கிணறு என்றே வாசிக்கிறேன். எல்லாருடைய கவலையையும் கேட்டு, எல்லாருக்கும் ஊற்றி, இப்போது வாளியை விட்டால் சவர்தான் வருகிறது. இப்படி வந்தால் அறிவுரை சொல்லாமல், கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள் என்று கேளுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்த அட்டையை எடுக்காதீர்கள். காணாமல் போன ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டு எங்கள் ஊரில் ஆட்கள் வருவார்கள். சாத்திரியிடம் போய், மை பார்த்து, வாக்குக் கேட்டு, எல்லாம் முடிந்து வருவார்கள், அட்டை என்றாலும் ஒருக்கால் பார்ப்போமே என்று. ஒரு அம்மா மகனின் படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார், படத்தின் விளிம்பு பழுப்பாகியிருந்தது. எனக்கு என் கட்டைத் தொடவே கை வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் நண்டுக் குழம்பென்றால் எத்தனை கோப்பை சாப்பிடுவான் என்பதில் இருந்து. அந்தப் பேணியின் மூடி யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் கையை வைக்கக்கூடாது.

கடைசியாகப் பயிற்சி. ஒரு கொப்பி வாங்குங்கள், தொலைபேசியில் எழுத வேண்டாம், பிறகு தேட மாட்டீர்கள். பின்னேரம் விளக்கு வைத்த பிறகு பேணி ராணியை மட்டும் எடுத்து முன்னால் வையுங்கள், குலுக்க வேண்டாம், கேள்வியும் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் அறிந்தும் சொல்லாமல் விட்ட ஒன்றை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே, நாளைக்கு அதற்காகச் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை ஒன்று. வெயிட்டே இவளைப் பற்றி எழுதும்போது கனவு காண்பது அவளுடைய ஒரு பக்கந்தான், அவள் செயலும் செய்கிறவள், அந்தச் செயல்தான் கனவுக்குத் தீனி போடுகிறது என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார், பலரும் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிழமை கழித்துப் பழைய வரிகளை வாசித்து, எது சரி வந்தது, எது வெறும் பயம் என்று பக்கத்தில் குறியுங்கள். முதல் மாதத்தில் எனக்குப் பாதிக்கு மேல் பயந்தான்.

நேற்று என் கொப்பியில் எழுதியது: கிணற்று மோட்டரில் ஏதோ பிழை, நாளைக்கு வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ராணி சொன்னாவோ, இரண்டு நாளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த கரகர சத்தம் சொன்னதோ தெரியாது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஒரு சின்னச் சுண்ணாம்புக் கல்.